இதயம் நன்றாக இருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறானா?

பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைத்து, மண்டிக்குச் சரக்கெடுக்க அனுப்பித் தொழில் பழக்குவது இருபதை ஒட்டிய வயதில். பீதி நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான். வணிகக் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்றே எழுதுகிறோம்.

காரணமே இல்லாமல் திடீரென நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கி வியர்த்துக் கொட்டும், உயிர் போகப் போகிறது என்ற பயம் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். முதல் முறை வந்தால் மாரடைப்பா என்று ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுவதே முறை. ஆனால் ஈ.சி.ஜி. சரியாக இருந்தவுடன், "ஒன்றுமில்லை, வேலைக்குச் சாக்கு" என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். வைத்தியம் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ஒருமுறை வந்ததாலேயே நோய் ஆகிவிடாது. திரும்பத் திரும்ப வந்து, மறுபடி வருமோ என்ற அச்சம் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் கவனிக்க வேண்டும். பிள்ளை சந்தைக் கூட்டத்தைத் தவிர்ப்பான். பஸ் ஏற மறுப்பான். கடைசியில் கடைக்கே வரமாட்டான். அரை மணி வேதனை அசல் என்றால், இப்படி ஒதுங்குவது வட்டி. குடும்பத்தை முழுகடிப்பது வட்டிதான்.

இதற்கு நல்ல வைத்தியம் உண்டு. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் மனப்பயிற்சி ஒன்று, மாத்திரை மற்றொன்று. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேளாமல் பாதியில் நிறுத்தக் கூடாது. தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது, அது இல்லாமல் முடியாது என்ற நிலையில் கொண்டுபோய் விடும்.

வெளியே தெரிந்தால் சம்பந்தம் கூடிவராது, கொடுக்கல் வாங்கலில் பெயர் கெடும் என்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்குச் சரக்கு கொடுக்க யாரும் மறுப்பதில்லை. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. சட்டம் வெட்கப்படாத விஷயத்துக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் அதிகம். ஆகவே வீட்டுப் பெண்களையும், பில் போடும் பெண்களையும், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்களையும் சேர்த்தே சொல்கிறோம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். இந்த எண்ணைக் கல்லாப் பெட்டியருகே எழுதி ஒட்டுங்கள்.

சங்க மாதக் கூட்டங்களில் வரியும் லைசென்சும் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு மனநல டாக்டருக்கு அரை மணி ஒதுக்க வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கடையை நாளை நடத்தப் போகிறவர்களின் நலம் இது.