கிடங்குக்குப் பட்டுக்குஞ்சம்

பழைய கிடங்கை இடிக்காமல் சொகுசு வீடுகளாக மாற்றிவிட்டால் ஊரின் வரலாறு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க ஊறிக் கிடக்கிறது. வீடு விற்பவர் சொன்னால், பிழைப்புக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். பாரம்பரியக் கட்டடங்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "கண்ணாடிக் கோபுரம் கட்டியிருந்தால் தேவலையா? சுவராவது மிஞ்சியதே!" என்று நம்மையே மடக்குகிறார்கள். மிஞ்சியது சுவர்தான், மறுக்கவில்லை. அந்தச் சுவருக்குள் நடந்த வாழ்க்கையைத் துடைத்தெறிந்துவிட்டு, சுவரைக் காட்டி விலையை ஏற்றுவதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

லண்டனில் டவர் பிரிட்ஜுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதியின் தென்கரையில் ஷாட் தேம்ஸ் என்றொரு குறுகலான தெரு இருக்கிறது. கிடங்கு வீடுகளுக்குப் பேர்போன இடம். இருபுறமும் உயரமான செங்கல் கட்டடங்கள். தலைக்கு மேலே இங்கிருந்து அங்கே இரும்புப் பாலங்கள். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு ஆற்றோரக் கிடங்கிலிருந்து பின்வரிசைக் கிடங்குக்கு அந்தப் பாலங்கள் வழியாகத்தான் போனது. இன்று அவற்றில் பல, மாடி வீட்டுக்காரர்களின் பால்கனிகள். பூந்தொட்டி, இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை. மூட்டையைக் கயிற்றில் இழுத்து உள்ளே தள்ளிய கதவுகள் கண்ணாடிக் கதவுகளாகிவிட்டன. சுவரில் பொருத்தியிருந்த பாரந்தூக்கி அழகுப் பொருளாகிவிட்டது. கட்டடங்களின் பெயர்களைப் பாருங்கள்: சின்னமன் வார்ஃப், டீ டிரேட் வார்ஃப், கார்டமம், க்ளோவ். பட்டை, தேயிலை, ஏலம், கிராம்பு. சரக்குக்குக் கிடைத்த மரியாதை அதைச் சுமந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சரக்கோடு நமக்கும் தொடர்புண்டு. ஷாட் தேம்ஸில் 1871 முதல் 1873 வரை கட்டப்பட்ட பட்லர்ஸ் வார்ஃப், உலகிலேயே பெரிய தேயிலைக் கிடங்கு என்று பெயரெடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் பறித்த கொழுந்து, தூளாகிப் பெட்டி பெட்டியாக லண்டன் கிடங்குகளில்தான் இறங்கியது. பறித்தவருக்கு லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. இறக்கியவருக்கு அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. விடிந்ததும் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டியவருக்கு அன்று வேலை, மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்த பென் டில்லெட் 1887-இல் அங்கிருந்த தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1889-இல் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு லண்டன் துறைமுகத்தையே முடக்கிய வேலைநிறுத்தத்தின் முன்வரிசையில் அவர் நின்றார். ஆறு பென்னி கிடைத்தது. ஆனால் கை காட்டி ஆள் எடுக்கும் முறை முடிவுக்கு வர 1967 ஆகிவிட்டது. இதுதான் அந்த இடத்தின் வரலாறு. கூலிக்காரரின் முதுகு முறிந்த மாடியை 'பழமை மணக்கும் வரவேற்பறை' என்று விற்பவரிடம் இந்த வரலாற்றுக்கு என்ன வேலை?

"நாங்கள் வராவிட்டால் எல்லாம் பாழாகியிருக்கும்" என்பது வீடு விற்பவர்களின் அடுத்த வாதம். இதையும் உரசிப் பார்த்துவிடலாம். கன்டெய்னர் கப்பல்கள் வந்ததும் நகரத்துக்குள் இருந்த படித்துறைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பட்லர்ஸ் வார்ஃப் 1972-இல் மூடப்பட்டது. காலியான கிடங்குகளில் குறைந்த வாடகைக்கு முதலில் குடியேறியவர்கள் கலைஞர்கள். திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் அவர்களில் ஒருவர். 1979-இல் தீவிபத்து. பிறகு அவர்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. 1981-இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தி, டாக்லண்ட்ஸ் என்ற பழைய துறைமுகப் பகுதி முழுவதும் நிலத்துக்கும் சாலைக்கும் ரயிலுக்கும் பொதுப்பணத்தைக் கொட்டியது. பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது என்று சட்டம் வேறு இருந்தது. ஆக, சுவரைக் காத்ததில் சட்டத்துக்கும் வரிப்பணத்துக்கும் பெரும் பங்குண்டு. சந்தையின் பங்கு என்ன? வீட்டு விலை சரிந்தபோது, பட்லர்ஸ் வார்ஃபைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நிறுவனமே 1990-இல் கடன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட காவல்காரரை நம்பித்தான் ஒரு நகரத்தின் நினைவை ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

"சரி, பழுதுபார்க்கும் செலவை யார் கொடுப்பது? பணக்காரருக்கு விற்காமல் வேறு வழி உண்டா?" நியாயமான கேள்வி. பதில் அதே நதியின் அதே கரையில், நடந்தே போகக்கூடிய தூரத்தில் நிற்கிறது. ஆக்ஸோ டவர் வார்ஃப் ஒரு காலத்தில் இறைச்சிச் சத்து நிறுவனம் ஒன்றின் குளிர்கிடங்கு. அந்த வட்டாரத்தில் பெரிய அலுவலக வளாகம் கட்டும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1984-இல் லண்டன் பெருநகர மன்றம் அங்கிருந்த 13 ஏக்கரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு, அவர்கள் உருவாக்கிய காயின் ஸ்ட்ரீட் அமைப்புக்கே விற்றது. 1990-களில் கிடங்கு புதுப்பிக்கப்பட்டது. கீழே கடைகள், கைவினைஞர்களின் பட்டறைகள், நடுவில் கூட்டுறவு அமைப்பின் 78 வீடுகள், உச்சியில் உணவகம். வசதியுள்ளவர் மேலே விருந்து சாப்பிடலாம், வாடகை வருகிறது. அதற்காகக் கீழே இருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. செங்கல்லும் தப்பியது, குடியிருப்பவர்களும் தப்பினார்கள். ஷாட் தேம்ஸிலோ சாதாரணச் சம்பளக்காரர் வீடு வாங்குவதே கஷ்டம். இரண்டும் கிடங்குதான், நிலம் யார் கையில் போனது என்பதுதான் வித்தியாசம்.

கிடங்கில் குடியிருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உயர்ந்த கூரையும் ஆற்றுக் காற்றும் யாருக்குத்தான் பிடிக்காது? கோபமெல்லாம், கட்டடத்தின் தோலுக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு உயிரைச் சந்தைக்கு விடும் சட்டத்தின் மேல்தான். ஜன்னல் சட்டத்தின் நிறத்தை மாற்றினால்கூடக் கேள்வி கேட்கும் அதிகாரிக்கு, ஒரு தெருவின் மக்கள் மொத்தமாக மாறுவதைப் பற்றிக் கேள்வி எழ வேண்டாமா? பாரம்பரியம் என்ற பெயரில் சலுகையும் அனுமதியும் கேட்பவரிடம் பதிலுக்கு நாமும் கேட்க வேண்டும்: உள்ளூர்ச் சம்பளக்காரர் வாடகை கொடுக்கக்கூடிய வீடுகள் எத்தனை? ஆற்றங்கரைக்குப் பொதுவழி உண்டா? தொழில் செய்ய ஒரு தளமாவது ஒதுக்கியிருக்கிறீர்களா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அதை வீட்டு வியாபாரம் என்றே சொல்லி, வியாபாரத்துக்குரிய வரியை முழுசாகக் கட்டிவிட்டுச் செய்யட்டும்.