ரேடியேட்டர் மூடியில் அவசரம் வேண்டாம்



'வாகனம் ஆண்களின் விஷயம்' என்று இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நடுவழியில் எஞ்சின் சூடேறி வண்டி நின்றால், வெயிலில் பிள்ளைகளோடு காத்து நிற்பவர் நீங்கள்தானே? பொனட்டைத் திறந்ததும் வேடிக்கை பார்க்க ஓடுவதும் உங்கள் பிள்ளைதான்.

எங்கள் உறவினர் ஒருவர் பள்ளி விடுமுறைக்கு, அக்கரைப்பற்றிலிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். வயலுக்கும் வீட்டுக்குமாக ஓடும் பழைய ஜீப் அது. பதினெட்டு வளைவு ஏற்றத்தில் பாதி ஏறியபோது பொனட் ஓரத்தால் ஆவி கிளம்பியது. இறங்கிய கையோடு ஒரு துணியைப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து போயிற்று. பக்கத்தில் நின்ற ஐந்து வயது மகளைத் தாய் சட்டென்று பின்னால் இழுத்ததால் அந்தக் குழந்தையின் முகம் தப்பியது.

ஏன் அப்படிச் சீறியது? உங்கள் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டி, 120 வரையிலும் கூடக் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்தத் தண்ணீர் அந்த நொடியிலேயே ஆவியாகப் பாயும். குக்கரை விசில் அடங்குமுன் நீங்கள் திறப்பீர்களா?

ஆகவே, முள் சிவப்புப் பக்கம் போவதைக் கண்டால் முதலில் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகப் போடலாம். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஏற்றத்தில் என்றால் டயருக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். சேலை முந்தானை, சால்வை, பர்தாவின் தொங்கல் எதுவும் பொனட் பக்கம் போகக் கூடாது. மின்விசிறி பூட்டிய வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கலாம்.

பிறகு குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். மூடி நன்றாக ஆறிய பின்னரே திறந்து, தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். செலவு இலட்சங்களில் வரும். யாருக்காவது சுட்டுவிட்டால் பற்பசை பூசாமல், 20 நிமிடம் சுத்தமான குளிர்ந்த நீரை ஓடவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்த ஜீப்புக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? கராஜில் கழற்றிப் பார்த்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசியும் காய்ந்த சேறும் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் நிறைய இருந்தது, காற்றுப் போகத்தான் வழியில்லை. வயலிலும் சேற்றிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். எதிர்க்காற்று கிடைக்காது, விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான். அந்த வழியும் அடைபட்டால் ஏற்றத்தில் எஞ்சின் என்ன செய்யும்?

வயலுக்குப் போய்வந்த வண்டியின் ரேடியேட்டரை, எஞ்சின் ஆறிய பிறகு, தோட்டக் குழாய்த் தண்ணீரால் உள்பக்கமிருந்து வெளியே கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், தகடு மடங்கிவிடும். விசிறி பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஒழுகாமலே குறைந்து, எண்ணெய் பால் தேநீர் நிறமாக மாறியிருந்தால் அது கெஸ்கட் கோளாறாக இருக்கலாம். அந்த வண்டியில் பயணம் போக வேண்டாம்.

இன்னொன்று. கிணற்று நீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதே நீரைத் தொடர்ந்து ஊற்றினால் ரேடியேட்டருக்குள்ளும் அப்படித்தான் படியும். கூலன்ட் ஊற்றுவதே நல்லது. ஆனால் அது பெரும்பாலும் இனிப்பான நஞ்சு. மீதியைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இன்றே அதைத் தேடி எடுத்து, பிள்ளைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.