காம்பார்: வீட்டு முன்வாசலுக்கு சிமெண்டு போட்டா, மழைத்தண்ணி எங்கே போகும்?

தீபாவளி நெருங்கினால் நம்ம வீடுகளில் மூன்று வேலைகள் தவறாமல் நடக்கும்: சாயம் பூசுவது, திரைச்சீலை மாற்றுவது, முன்வாசலுக்கு சிமெண்டு போடுவது. அதே அக்டோபர், நவம்பரில்தான் பேராக்கில் மாலை இடிமழையும் அடிச்சு ஊத்தும். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. காம்பார் மாதிரியான ஊரில் அது இன்னும் அதிகம்.

ஏன் எல்லாரும் சிமெண்டு போடுறாங்க?

காரணங்கள் நியாயமானவைதான். புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மாதாமாதம் காசு. மழை பெய்தால் சேறு. புல் உயர்ந்தால் பாம்பு, கொசு பயம். வயதானவர்களுக்குச் சமமான தரை வேண்டும்.

காம்பாரில் இன்னொன்றும் சேர்கிறது. 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்த பிறகு ஊரின் முகமே மாறியது. பழைய ஈயச் சுரங்க நிலங்களில் தாமான்களும் கடைவீடுகளும் எழுந்தன. மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு கார். முன்வாசல் முழுக்க கார் நிறுத்துமிடம் ஆகிவிடுகிறது. கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர் காரை விட இடம் வேண்டும்.

ஆக, யாரும் தப்பான எண்ணத்தோடு செய்வதில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

20 அடிக்கு 20 அடி முன்வாசலை எடுத்துக்கொள்வோம். சுமார் 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த முன்வாசலில் மட்டும் ஏறக்குறைய 1,850 லிட்டர் விழுகிறது.

இதில் எவ்வளவு கால்வாய்க்கு ஓடும்? மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ வடிகால் கையேட்டில் பொறியாளர்கள் பயன்படுத்தும் விகிதங்கள் இருக்கின்றன. சாதாரண மழைக்குப் புல்தரையில் சுமார் 40 விழுக்காடு ஓடும் என்றும், கான்கிரீட்டில் சுமார் 95 விழுக்காடு ஓடும் என்றும் கணக்கிடுவார்கள். அதாவது புல்லாக இருந்தால் 750 லிட்டர். சிமெண்டாக இருந்தால் 1,750 லிட்டர்.

வித்தியாசம் 1,000 லிட்டர். ஒரு வீட்டுக்கு இது பெரிசா தெரியாது. ஆனால் ஒரே தாமானில் 100 வீடுகள் இப்படிச் செய்தால் 100,000 லிட்டர் தண்ணீர் கூடுதலாக, அதுவும் வேகமாக, அதே பழைய கால்வாயில் இறங்கும். கால்வாய் நிரம்பினால் முதலில் தண்ணி ஏறுவது சிமெண்டு போட்டவர் வீட்டில் அல்ல. தெருவின் தாழ்வான முனையில் இருப்பவர் வீட்டில்.

சட்டம் என்ன சொல்கிறது?

மஸ்மா முறை 2001-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் இரண்டாம் பதிப்பு வெளியானது. அதன் அடிப்படை எளிது: மேம்பாட்டுக்குப் பிறகு நிலத்திலிருந்து வெளியேறும் மழைநீரின் வேகம், அதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடக்கூடாது. அதனால்தான் புதிய குடியிருப்புகளில் நீரைப் பிடித்துவைக்கும் குளங்களும் தொட்டிகளும் அமைக்கப்படுகின்றன.

இங்கேதான் ஓட்டை. அந்தக் கணக்கு தாமான் கட்டும்போது போடப்பட்டது. வரிசை வீடுகளுக்கு அதே கையேடு சாதாரண மழையில் சுமார் 80 விழுக்காடு ஓடும் என்றே எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் மண்ணும் புல்லும் மிஞ்சும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. பத்து வருஷத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பச்சையை மூடும்போது, கால்வாயின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. வீட்டை நீட்டிக் கட்ட மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். முன்வாசல் சிமெண்டை நம்மில் பலர் கேட்க வேண்டிய விஷயமாகவே நினைப்பதில்லை.

இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் புகாத தரை போட்டு, நீரைத் தெருவுக்கு விடுவதாக இருந்தால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். நீர் புகும் கல்லாக இருந்தாலோ, நீர் சொந்தத் தோட்டத்துக்கே வடிந்தாலோ அனுமதி தேவையில்லை. தடை போடவில்லை, தண்ணிக்கு வழி கேட்டார்கள்.

காம்பார் மண் ஏன் வேறு?

கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மேலே ஈயம் தோண்டிய காலத்தின் கழிவு. அதில் இரண்டு வகை: மணல் கழிவு தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், களிச்சேறு உறிஞ்சாது. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே இரண்டும் இருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் வெற்றிடங்கள் இருக்கும். ஒரே இடத்தில் நிறைய தண்ணீர் இறங்கினால் மேல்மண் அந்த வெற்றிடத்துக்குள் சரிந்து நிலம் உள்வாங்கலாம். கிந்தாவில் இப்படிப்பட்ட குழிகள் புதிதல்ல. அதனால் “கூரைத் தண்ணி முழுசையும் ஒரு குழியில் விடு” என்ற ஆலோசனையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. தண்ணீர் பரவலாக இறங்குவதே பாதுகாப்பு.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் மண்ணைப் பாருங்கள். ஓர் அடி ஆழம் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் இறங்கினால் மணல். மணிக்கணக்கில் நின்றால் களி.

மணலாக இருந்தால், கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சிமெண்டு போதும். நடுவில் புல் அல்லது சரளைக்கல். இன்டர்லாக் கல் பதிப்பவர்கள் அதை மணல் படுக்கையில் பதிக்கச் சொல்லுங்கள். அடியில் சிமெண்டு போட்டு ஒட்டினால் கல்லும் கான்கிரீட்டும் ஒன்றுதான்.

களியாக இருந்தால், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கார் கழுவவும் செடிக்கும் பயன்படுத்தலாம். மூடி கட்டாயம், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். ஏற்கெனவே முழுக்க சிமெண்டு போட்டாச்சா? மதிலோரம் இரண்டடி மட்டும் வெட்டி எடுத்து மண் நிரப்பினாலும் வித்தியாசம் தெரியும்.

சூட்டையும் மறக்க வேண்டாம். பகலில் வெயிலை வாங்கும் கான்கிரீட், ராத்திரியில் அதை வீட்டுப் பக்கம் திருப்பி விடும். அப்புறம் ஏர்கோன் பில் ஏறும்.

தோட்டப்புற லயத்து வாசலில் தாத்தா பாட்டி மண்ணைப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். அந்த வாசலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை; காருக்கு இடம் வேண்டும்தான். இந்தத் தீபாவளிக்கு கான்ட்ராக்டரிடம் விலை கேட்கும்போது, கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இந்தத் தண்ணி யார் வீட்டுப் பக்கம் போகும்?”