அம்மாவுக்கு எந்தக் கைப்பேசி?

அம்மாவின் பழைய கைப்பேசி போன மாதம் உயிரை விட்டது. அடுத்து எதை வாங்குவது என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தம்பி ஐபோன் கட்சி. நான் ஆண்ட்ராய்டு கட்சி.

நான் இந்தக் கட்சியில் சேர்ந்ததற்குத் தமிழும் ஒரு காரணம். வெளியார் உருவாக்கும் விசைப்பலகையை ஆண்ட்ராய்டு 2009லேயே அனுமதித்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தைப் போட்டுக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் தமிழில் தட்டினேன். ஐபோன் அந்தக் கதவைத் திறந்தது 2014ல்தான்.

ஆனால், திறந்த கதவு வழியாகத் திருடனும் வரலாமே!

2023 தீபாவளிக்கு முன்பு, மலிவு விலையில் வீடு சுத்தம் செய்து தருவதாக ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். அம்மா வாட்ஸ்அப்பில் விசாரித்தார். "முன்பணம் ஐந்து வெள்ளிதான் ஆன்ட்டி, இந்தச் செயலியில் கட்டுங்கள்" என்று ஓர் இணைப்பு வந்தது. கைப்பேசி எச்சரித்தது. "அது அப்படித்தான் வரும், அனுமதி கொடுங்கள்" என்றான் அந்த ஆள்.

நான் அப்போது நேரலையில் இருந்தேன். பாட்டு ஓடிய இடைவெளியில் பார்த்தால், அம்மாவிடமிருந்து மூன்று அழைப்புகள். திரும்ப அழைத்தேன். "இதை அமுக்கட்டுமாப்பா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

அமுக்கியிருந்தால்? அத்தகைய செயலி திரையைக் கண்காணிக்கும், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிக்கும், வங்கிக் கணக்கை வழித்துவிடும். அந்த ஓராண்டில் மட்டும் சிங்கப்பூரில் இவ்வகை மோசடிகள் 1,899. பறிபோனது குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் ஆபத்தான செயலிகளைத் தடுக்கும் முயற்சியை 2024 பிப்ரவரியில் கூகல் முதலில் தொடங்கியதும் இங்கேதான்.

"அப்புறம் என்ன? ஐபோன்தான்" என்றான் தம்பி. நியாயம்தான். அதில் கண்ட இணைப்பைத் தட்டிச் செயலி நிறுவுவது எளிதல்ல. ஆனால், அதிகாரி போல் பேசி, நம் கையாலேயே பணத்தை அனுப்ப வைப்பவனை எந்தக் கைப்பேசியும் தடுக்காது.

கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னார். "எனக்குப் பழகினதையே வாங்கு. ஆனா, பூட்டிக் கொடு."

பூட்டினேன். அமைப்புகளுக்குள் சென்று, 'தெரியாத செயலிகளை நிறுவும்' அனுமதியை உலாவி, வாட்ஸ்அப் இரண்டுக்கும் நிறுத்தினேன். 'பிளே புரொடெக்ட்' இயங்குகிறதா என்று பார்த்தேன். வங்கியில் அன்றாடப் பரிமாற்ற வரம்பைக் குறைத்தோம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. உங்கள் பெற்றோரின் கைப்பேசியிலும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதியையும் நான் விடவில்லை. முகப்புத் திரையில் இரண்டே எண்களைப் பெரிதாக வைத்திருக்கிறேன். முதலில் தம்பி, அடுத்து நான். நான் நேரலையில் இருந்தாலும், அம்மா கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டுமே!