பாதிரியாரின் இரண்டு பேரேடுகள்

அமெரிக்க தேசத்தில் பழமைப் பற்றுள்ள கிறிஸ்தவப் பாதிரிமார்கள் உலக நடப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர்களிடம் இரண்டு பேரேடுகள் இருப்பதைக் காணலாம். ஊரான் வீட்டில் இடி விழுந்தால் ஒன்றில் "ஆண்டவன் தண்டனை" என்று எழுதுவார்கள். தங்கள் வீட்டில் விழுந்தால் மற்றொன்றில் "சாத்தானின் தாக்குதல்" என்று எழுதுவார்கள். இடி என்னவோ ஒரே இடிதான்.

2010-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி ஹெய்ட்டி தேசத்தில் பூகம்பம் உண்டாகி லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். பிணங்களை எடுத்து முடிப்பதற்குள், மறுநாளே, பாட் ராபர்ட்சன் என்கின்ற பிரபல பிரசங்கியார் தமது டெலிவிஷன் நிகழ்ச்சியில் அதற்குக் காரணம் சொன்னார். என்னவென்றால், அந்நாட்டார் முன்னொரு காலத்தில் மூன்றாம் நெப்போலியன் நாளில் பிரெஞ்சுக்காரர் காலடியில் கிடந்தபோது, தங்களை விடுவித்தால் உன்னைச் சேவிப்போம் என்று பிசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டார்களாம். அது முதல் சாபம் தொடர்கின்றதாம். (அதே நிகழ்ச்சியில் அவர்களுக்கு உதவி செய்யும்படியும் கேட்டுக் கொண்டார், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

ஹெய்ட்டி விடுதலை பெற்றது 1804-ல். மூன்றாம் நெப்போலியன் பிறந்ததே 1808-ல். இன்னும் பிறக்காத ராஜாவிடமிருந்து தப்புவதற்குப் பிசாசின் தயவு எதற்கு அய்யா?

உண்மைச் சங்கதி என்ன? 1791 ஆகஸ்டில், கரும்புத் தோட்டங்களில் சவுக்கடி பட்டுக் கிடந்த கருப்பு அடிமைகள் இரவில் காட்டில் கூடி, தங்கள் வழக்கப்படி பூசை போட்டு, எஜமானர்களை எதிர்ப்பதென்று உறுதி செய்து கொண்டதாகச் சொல்லப்படுவதுதான் இந்தக் கதைக்கு மூலம். அந்தப் பூசையும் நமக்கு மூடநம்பிக்கைதான். அதை நாம் தாங்க வரவில்லை. ஆனால் பாதிரியார் கண்ணுக்குக் குற்றமாய்த் தோன்றியது எது என்று பாருங்கள். மனிதர்களை விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றிவந்து விற்றவர்களும், வாங்கி வேலை வாங்கினவர்களும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். அவர்கள் பிசாசோடு எந்த உடன்படிக்கையும் செய்யவில்லையாம். விலங்கை ஒடித்தவன்தான் செய்தானாம்!

அதோடு விட்டார்களா? 1825-ல் பிரெஞ்சு அரசன் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய எஜமானர்களுக்கு உண்டான நஷ்டத்துக்காக 15 கோடி பிராங்கு கொடுத்தாக வேண்டுமென்றான். பின்னால் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அடிமையாயிருந்தவன், தான் அடிமையாயில்லாமற் போனதற்காக எஜமானனுக்கு ஈடு கட்டின விந்தையை வேறெங்காவது கேட்டதுண்டா? அதற்காக வாங்கின கடனும் வட்டியும் 1947 வரை அந்தத் தேசத்தை உறிஞ்சிக் கொண்டிருந்தன. சாபம் என்று ஒன்றைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் அந்தக் கடன் பத்திரத்தைக் காட்டட்டும்.

பூகம்பத்துக்குக் காரணமோ, பூமியின் மேலோட்டிலுள்ள பெரும் பாளங்கள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்வதுதான். அதே வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி சிலி தேசத்தில் உண்டான பூகம்பம் ஹெய்ட்டியில் உண்டானதைவிடச் சுமார் 500 மடங்கு சக்தி வாய்ந்தது. இறந்தவர்களோ ஐந்நூற்றுச் சொச்சம் பேர். சிலிக்காரர்கள் அடிக்கடி பூகம்பத்தில் அடிபட்டு, அதைத் தாங்கும்படி கட்டடம் கட்டவேண்டுமென்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள். ஹெய்ட்டி ஏழைகள் கிடைத்த சிமெண்டையும் மணலையும் கொண்டு கட்டிக் கொண்டார்கள். தலைநகரத்தின் பெரிய தேவாலயமும் இடிந்தது. அவ்வூர் ஆர்ச்பிஷப்பும் மாண்டார். அவரும் பிசாசுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்தானா?

இந்த ராபர்ட்சனே 1998-ல், ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் கூடி வாழ்பவர்களின் கொடியை ஆர்லண்டோ நகரில் பறக்கவிட்டதற்காக அந்நகரத்துக்குப் புயல் வரும், பூகம்பம் வரும், விண்கல் கூட விழலாம் என்று எச்சரித்தார். மூன்று மாதத்துக்குள் புயலும் வந்தது. ஆனால் ஆர்லண்டோவுக்கு அல்ல; அவருடைய டெலிவிஷன் ஸ்தாபனம் இருக்கும் வர்ஜீனியா பீச் பக்கம்! விலாசம் சரியாக எழுதப்படவில்லை போலும். அவர் 2023-ல் காலமாகி விட்டார். பேரேடு மற்றவர்கள் கையில் இருக்கின்றது.

நிற்க, இரண்டாவது பேரேட்டுக்கு வருவோம். மார்கஸ் லாம் என்பவர் டேஸ்டார் என்கின்ற கிறிஸ்தவ டெலிவிஷன் ஸ்தாபனத்தை நடத்தியவர். கொரோனா தடுப்பூசியை நம்பாதீர்கள் என்பவர்களை அழைத்து வந்து 2021-ல் அந்த டெலிவிஷன் ஓயாமல் பேச வைத்தது. அவருக்கே அந்த நோய் கண்டது. அவர் குமாரர் அதே டெலிவிஷனில், இது எதிரியாகிய சாத்தானின் தாக்குதல் என்றார். நவம்பர் 30-ந் தேதி லாம் இறந்து போனார். ஒருவர் சாவில் நமக்குச் சந்தோஷமில்லை. ஆனால் அவர் பேச்சை நம்பி ஊசி போடாதிருந்த ஏழைக்கு, செத்தபின் பழிபோட ஒரு சாத்தானாவது கிடைத்தானா என்று கேட்கின்றோம்.

யந்திரங்களில் இவர்களுக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சாஸ்திரிகள் சொல்லும் நோய்க் காரணம் வேண்டாம். அவர்கள் கண்டுபிடித்த டெலிவிஷன் மட்டும் வேண்டும். கென்னத் கோப்லாண்டு என்ற டெக்சாஸ் பிரசங்கியார், பொது ஜனங்களோடு ஆகாய விமானத்தில் போவது பிசாசுகளோடு ஒரு நீளக் குழாயில் அடைபட்டிருப்பது போல என்று 2015-ல் பேசி, 2018-ல் தமக்கென்று ஒரு ஜெட் விமானம் வாங்கிக் கொண்டார். அவரே 2020 மார்ச்சில், கொரோனாவால் வேலை போய்விடுமோ என்று நடுங்கின ஜனங்களைப் பார்த்து, என்ன வந்தாலும் தசமபாகக் காணிக்கையை நிறுத்தாதீர்கள் என்றார். அந்தப் பிசாசுக் குழாயில் பிரயாணம் செய்கிறவர்கள் பணத்தில்தானே இவர் விமானம் பறக்கின்றது?

இவ்வளவு துல்லியமாய் ஊரார் பாவத்தைக் கணக்கெடுக்கின்றவர்கள் தங்கள் சபைக்குள் நடப்பதை எப்படிக் கணக்கெடுத்தார்கள்? அந்நாட்டில் மிகப் பெரிய புராடெஸ்டண்டு சபையாகிய தென் பாப்டிஸ்ட் மகாசபையின் காரியாலயத்தில், பெண்களையும் குழந்தைகளையும் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 700-க்கு மேற்பட்டவர்களின் பட்டியல் பல வருஷங்களாய் ரகசியமாய் வைக்கப்பட்டிருந்ததாக 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று. ஏன் ஊரறியச் சொல்லி எச்சரிக்கவில்லை என்றால், ஒவ்வொரு கோவிலும் சுயேச்சையானது, மேற்சபை தலையிட முடியாது என்பதாகச் சமாதானம் சொல்லி வந்தார்கள். அடுத்த வருஷமே, கலிபோர்னியாவிலுள்ள சாடில்பேக் கோவில் ஒரு பெண்ணைப் போதகராக வைத்துக்கொண்டது என்பதற்காக அதை அதே மகாசபை விலக்கி விட்டது. அப்பொழுது மட்டும் தலையிட வழி பிறந்துவிட்டது.