பார்த்தா ஸ்பினல்... டெஸ்ட் பண்ணா டாஃபைட்! வைரத்தைவிட அரிதான கல்லை அடையாளம் காண்பது எப்படி?

"வைரத்தைவிட அரிதான கல், ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு" என்று சமூக வலைதளங்களில் ரத்தினக் கல் விற்பனை வீடியோக்கள் வலம் வருகின்றன. அதில் அடிக்கடி அடிபடும் பெயர் டாஃபைட். வைரத்தைவிட அரிது என்பது உண்மைதான். ஆனால் வீடியோவில் மின்னும் அந்தக் கல் டாஃபைட்தானா? அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நிபுணர்களாலேயே முடியாது. ஏன்?

டப்ளினில் சிக்கிய கல்

1945-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், ரிச்சர்ட் டாஃப் என்ற ரத்தினக் கல் நிபுணர் ஒரு நகைக்கடைக்காரரிடம் பழைய கற்களை மொத்தமாக வாங்கினார். அதில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு கல். எடை 1.419 காரட், அதாவது 0.3 கிராம்கூட இல்லை. பார்வைக்கு ஸ்பினல் போலவே இருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. கல்லின் பின்பக்கத்தில் இருந்த தூசு, கீறல் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியவே கூடாது.

கல் லண்டன் ஆய்வகத்தில் இருந்த பி.டபிள்யூ. ஆண்டர்சனுக்குப் போனது. பெரிலியம், மெக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த புதிய கனிமம் என்பது உறுதியானது. 1951-ல் விவரங்கள் முழுமையாக வெளியாகின. பட்டை தீட்டிய கல்லிலிருந்து ஒரு புதிய கனிமம் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல்முறை. பின்னர் இலங்கை, மியான்மர், தான்சானியாவிலும் டாஃபைட் கிடைத்தது.

ஏன் இவ்வளவு குழப்பம்?

இரண்டு கற்களின் அளவீடுகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

* ஒளிவிலகல் எண்: ஸ்பினல் சுமார் 1.718, டாஃபைட் சுமார் 1.719 முதல் 1.723
* தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி: இரண்டுமே சுமார் 3.6 மடங்கு
* கடினத்தன்மை: ஸ்பினல் 8, டாஃபைட் 8 முதல் 8.5

நிறமும் உதவாது. இளஞ்சிவப்பு, ஊதா, சாம்பல் என இரண்டுமே பல நிறங்களில் கிடைக்கின்றன.

காட்டிக்கொடுப்பது எது?

இரட்டை ஒளிவிலகல்தான். ஸ்பினலுக்குள் போகும் ஒளி ஒரே கதிராகவே செல்லும். டாஃபைட்டில் அது இரண்டாகப் பிரியும். போலரிஸ்கோப் கருவியில் கல்லை ஒரு முழுச் சுற்று சுற்றினால், ஸ்பினல் இருட்டாகவே இருக்கும். டாஃபைட் நான்கு முறை பளிச்சென்றும் நான்கு முறை இருட்டாகவும் மாறும்.

இதிலும் ரெண்டு சிக்கல் இருக்கு. ஒரு குறிப்பிட்ட திசையில் பார்த்தால் டாஃபைட்டும் ஸ்பினல் மாதிரியே இருட்டாகத்தான் தெரியும். அதனால் கல்லைப் பல பக்கமாகத் திருப்பி வைத்துச் சோதிக்க வேண்டும். அதேபோல, செயற்கை ஸ்பினல் உள் அழுத்தம் காரணமாக ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெளிச்சம் காட்டி ஏமாற்றலாம்.

இன்னொரு ஆள் மாறாட்டம்

1967-ல் ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரில் கண்டுபிடிக்கப்பட்டது மஸ்கிரேவைட். இதிலும் அதே நான்கு தனிமங்கள்தான், அளவு விகிதம் மட்டும் வேறு. இதற்கும் இரட்டை ஒளிவிலகல் உண்டு என்பதால் போலரிஸ்கோப் கைவிட்டுவிடும். ராமன் நிறமாலை, எக்ஸ்ரே போன்ற ஆய்வகச் சோதனைகள்தான் இரண்டையும் உறுதியாகப் பிரித்துக் காட்டும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது

போட்டோ, வீடியோவை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. ஜிஐஏ போன்ற சுயாதீன ஆய்வகத்தின் அறிக்கையைக் கேட்க வேண்டும். அதில் கனிமத்தின் பெயர் தெளிவாக இருக்கிறதா, எடையும் அளவும் கையில் இருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நேரடியாகப் போட்டுச் சரிபார்ப்பது அவசியம். விற்பவர் அனுப்பும் லிங்க் வேண்டாம்.

இன்னொன்று: அரிதான கல் என்பதாலேயே உடனே விற்றுக் காசாக்கிவிடலாம் என்று நினைக்க முடியாது. இதைத் தேடி வாங்குபவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள்தான். தங்கம் மாதிரி கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ள இதற்கு அன்றாட விலை எதுவும் கிடையாது.