இலை மஞ்சளித்தால் யூரியா போதுமா?

கத்தரி, வெண்டை, தக்காளி பயிரிடும் நம் குடும்பங்களில் இலை சற்று மஞ்சளித்துவிட்டால் போதும். உடனே யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். பயிரின் பசியெல்லாம் தழைச்சத்துப் பசிதான் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மூட்டையைத் தொடுமுன் எந்த இலை மஞ்சளித்தது என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. இரண்டாவது நோய்க்கு யூரியா மருந்தாகாது.

மண்ணில் இரும்பே இல்லை என்பதன்று. களர் மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் கரையாமல் கட்டுண்டு கிடக்கின்றன. வேரால் அவற்றை உறிஞ்ச இயலுவதில்லை. அத்தகைய மண்ணின்மேல் தூவிய யூரியாவிலும் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய உரம் இவ்வாறு வீணாகிறது.

களர் எங்கிருந்து வந்தது? பல இடங்களில் நம் கிணற்று நீரே கொண்டுவந்து சேர்க்கிறது. சோடா உப்பு மிகுந்த நீரைப் பாய்ச்சப் பாய்ச்ச, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து ஒதுங்குகிறது. சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொள்கிறது. மண் இறுகி, மேலே ஏடு கட்டி, நீர் இறங்காமல் நிற்கும். துவைகல்லில் சோப்பு நன்றாக நுரைக்கிறதென்று இல்லத்தரசியர் மகிழும் கிணற்று நீர், சில வேளை பயிருக்குப் பகையாயிருப்பது இதனாலேயே.

இதற்கு மருந்து ஜிப்சம். ஆய்வுச் சீட்டில் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்றொரு கணக்கு வரும். அது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலண்டுக்கு மேற்பட்டால் அந்நீர் பாசனத்துக்கு உகந்ததன்று. ஓர் அலகைக் குறைக்க 1,000 லிட்டர் நீருக்கு 86 கிராம் தூய ஜிப்சம் வேண்டும். சீட்டில் 5 என்றிருந்தால், அதை 2.5 ஆக்க 215 கிராம். கடைச் சரக்கு முழுத் தூய்மையானதன்று. ஆகையால் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். பம்பு நீர் விழும் தொட்டியில் ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, அவற்றின் ஊடே நீரைச் செலுத்தி வாய்க்காலுக்கு விடுவது எளிய முறை. ஆனால் கரிக்கும் உவர் நீருக்கு ஜிப்சம் உதவாது. அங்கே நல்ல வடிகாலும், மழைநீரைக் கிணற்றில் சேர்ப்பதும், நன்னீர் கலந்து பாய்ச்சுவதுமே வழி.

கெட்டுப்போன மண்ணுக்கும் ஆய்வில் கூறிய அளவு ஜிப்சமிட்டு, நீர் தேக்கி வடித்துவிட வேண்டும். பிறகு தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். தொழுவுரத்தை எவ்வளவு இட்டாலும் தகும். அடுப்புச் சாம்பலை மட்டும் களர் நிலத்தில் கொட்டாதீர்கள், அதுவும் காரமே. நிற்கும் பயிருக்கு உடனடி உதவியாக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலை வேளையில் இலைமேல் தெளிக்கலாம். மண்ணிலிட்டால் அதுவும் கட்டுண்டுவிடும்.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுவது வேறு சங்கதி. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. ஒரு வாரம் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய்ப் பாய்ச்சுகிற தோட்டத்தில் அதிகம் காணலாம். அளவாக, ஒரே சீராகப் பாய்ச்சினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஆய்வுக்கு நீர் எடுக்கும்போது பம்பைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே புட்டியை இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்புங்கள். கிணற்றின் ஆழத்தையும், இனி வைக்கப்போகும் பயிரையும் சீட்டில் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள்.